காகித வச்சலா

கட்டுமரத்தை மணலில் ஏற்றும்போது கயிறு அவிழ்ந்து, நடுமரம் உருண்டு காத்தவராயனின் இடது கால்மேல் விழுந்தது. எலும்பு கட்டுகிறவர் வந்து பார்த்தார். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றிக் கட்டினார். "ரெண்டு மாசத்துக்கு இந்தக் காலு தரையில படக் கூடாது. பட்டுச்சுன்னா அப்பால என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைக் கோயில் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தெரிகிற ஒரு குப்பம்.

மறுநாளே வீட்டில் வேலைகள் இடம் மாறின. அவன் மனைவி வச்சலா விடியும் முன்னே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போனாள். சில நாள் செங்கல்பட்டு வரைக்கும் போனாள். பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். அதுவரை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு காத்தவராயனும் மூன்று பிள்ளைகளும். மூத்தவள் கண்ணகி ஏழு வயது. குப்பத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வந்து சேராததால் அவளுக்குக் காலவரையற்ற லீவு. நடுவில் சீனு, நாலு வயது; ஒரே கேள்வியைப் பதில் வந்த பிறகும் கேட்பான். கடைசி ஆதியம்மாள், இன்னும் நடக்கவில்லை. அழுவாள்.

காத்தவராயன் பகல் வெளிச்சத்தில் தன் பிள்ளைகளை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததே கிடையாது. எந்த அலை எப்போது உடையும் என்று அவனுக்குத் தெரியும். ஆதி எப்போது அழுவாள் என்று தெரியவில்லை. அழ ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவாள் என்பதும் தெரியவில்லை. அம்மா வேண்டும் என்பதுதான் அழுகையின் சாரம். அம்மாவோ திருக்கழுக்குன்றத்தில் கூவிக்கொண்டிருந்தாள்.

அவன் பனை ஓலையில் காற்றாடி செய்து கொடுத்தான். தென்னங்கீற்றில் பாம்பு, கைக்கடியாரம், மூக்குக்கண்ணாடி செய்தான். தேங்காய்ச் சிரட்டையில் தராசு கட்டினான். சீனு அதில் தன் தங்கையை நிறுத்துப் பார்க்க முயன்று தராசு போனது. ஒரு வாரத்துக்குள் காத்தவராயனுக்குத் தெரிந்த பொம்மைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

பக்கத்து வீட்டுப் பூவாயி கருவாடு காயவைத்துக்கொண்டே வேலிக்கு மேலாக யோசனை சொன்னாள். "பழைய பேப்பர ஊறப் போடு, அண்ணாத்த. வெந்தியம் போட்டு நல்லா ஆட்டு. பானையக் கவுத்து அது மேல அப்பிக் காய வெச்சா, கூடை வந்துடும். பசங்களும் சும்மா கெடக்கும், வூட்டுக்கும் ஒரு சாமான் ஆச்சு."

கண்ணகியும் சீனுவும் காகிதம் தேடிப் போனார்கள். டீக்கடையில் பஜ்ஜி மடிக்க வைத்திருந்த பழைய பேப்பரில் எண்ணெய் பட்டதை மட்டும் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் உரிந்து தொங்கிய சினிமா போஸ்டரைக் கிழித்தார்கள். அதன் ஒரு முனையை ஒரு வெள்ளாடு கவ்விக்கொண்டிருந்தது. சீனு விடவில்லை, ஆடும் விடவில்லை. கடைசியில் ஆட்டுக்குக் கதாநாயகனும் சீனுவுக்குக் கதாநாயகியும் கிடைத்தார்கள்.

ஊறிய காகிதத்தையும், வச்சலா குழம்புக்கு வைத்திருந்த வெந்தயம் மொத்தத்தையும் காத்தவராயன் ஆட்டுரலில் போட்டான். கட்டுப் போட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு குழவியைச் சுற்றினான். கண்ணகி தள்ளிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதி, ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டாள். வெந்தயம் வயிற்றுக்கு நல்லதுதான் என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான்.

வச்சலாவின் தண்ணீர்ப் பானையை வாசல் வெயிலில் கவிழ்த்து, மூன்று பேரும் கூழை அப்பினார்கள். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சீனு பெரிய உருண்டையாக எடுத்துப் பானையின் நடுவில் ஒட்டினான்.

"அது இன்னாடா?" என்றான் காத்தவராயன்.

"மூக்கு."

"கூடைக்கு எதுக்குடா மூக்கு?"

"மூச்சு வுட."

காத்தவராயன் அதை வழித்துவிடக் கையை நீட்டினான். அதற்குள் எட்டி நின்று பார்த்த கண்ணகி சொன்னாள்: "நைனா, வுடு. அது அம்மா மூக்கு."

அவன் பார்த்தான். அந்தக் குப்பத்தில் வச்சலாவுக்கு வாய்த்ததுபோல் ஒரு மூக்கு வேறு யாருக்கும் கிடையாது. நெற்றியிலிருந்து நேராக இறங்கி, நுனியில் ஏதோ முடிவெடுத்ததுபோலக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். அவளைப் பெண் பார்க்கப் போன அன்று முதலில் தெரிந்ததும் அதுதான். இப்போது அது ஈரக் காகிதத்தில் பானைமேல் இருந்தது. அதை வழித்துப் போட அவனுக்குக் கை வரவில்லை.

மூக்கு வந்த பிறகு கண் வைக்காமல் இருக்க முடியுமா? கண் வைத்ததும் வாய் கேட்டது. வாய்க்குக் கீழே தாடை. அன்று பகல் முழுவதும் ஆதி ஒருமுறைகூட அழவில்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தான். கூழில் கையை விட்டுக்கொண்டு, பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நல்ல வெயில். இரண்டொரு நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் பானையிலிருந்து கழன்று வரவில்லை. தட்டிப் பார்த்தான், சூடு காட்டிப் பார்த்தான். கடைசியில் அம்மிக் குழவியை உள்ளே விட்டுப் பானையை உடைத்து ஓடு ஓடாக எடுத்தார்கள். பிறகு மஞ்சளும் செங்கல் பொடியும் குழைத்து முகத்துக்குப் பூசினார்கள். கரியால் கண்ணும் புருவமும் எழுதினான். உதட்டுக்குச் சிவப்பு கிடைக்காததால் காத்தவராயன் வெற்றிலை மென்று அந்தச் சாற்றை விரலால் தொட்டுத் தடவினான். கண்ணகி பொட்டு வைத்து, ஒரு குட்டிச் சிப்பியை மூக்குத்தியாக ஒட்டினாள். தலைக்கு, வச்சலா கல்யாணம் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் சவுரி. ஆட்டுரல்மேல் ஓட்டை மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் தலையை வைத்து, பழைய சேலை ஒன்றைச் சுற்றி வீட்டு மூலையில் நிறுத்தினார்கள். ஆதி தவழ்ந்து போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். படுத்த இடத்திலேயே தூங்கினாள்.

வச்சலா வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சிம்னி விளக்கை ஏற்றித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு இது?"

"நீதான்" என்றாள் கண்ணகி.

வச்சலா விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"யோவ். என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது?"

காத்தவராயன் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என் பானை எங்க?"

"அது உள்ள இருந்துச்சு" என்றான் சீனு.

"வெந்தியம்?"

"அதுவும் உள்ளதான்" என்றான் காத்தவராயன்.

அந்த நேரம் ஆதி விழித்து, நிஜ அம்மாவையும் காகித அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா இத்தனை இருப்பது நல்லதுதான் என்பதுபோலச் சிரித்தாள். வச்சலா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "நாள் பூரா அழுவலயா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள். பிறகு, "நான் போனப்பறம் இருக்கட்டும். நான் வந்துட்டா அது செவுத்தப் பாத்து திரும்பிக்கணும். ஒரு வூட்ல ரெண்டு பேரு மொறச்சிகினு இருக்க முடியாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்படியே நடந்தது. காலையில் வச்சலா கிளம்பியதும் கண்ணகி தலையைத் திருப்பி வைப்பாள். மாலையில் பஸ் சத்தம் கேட்டதும் சீனு ஓடிவந்து சுவர்ப்பக்கம் திருப்புவான். அதைப் பார்த்துக்கொண்டே ஆதி கஞ்சி குடித்தாள், அதன் மடியாக இருந்த உரலில் சாய்ந்து தூங்கினாள். காத்தவராயனுக்கு மறுபடி கடலுக்குப் போன மாதிரி நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் அவன் கொல்லையில் உட்கார்ந்து சீனுவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்டது. பூவாயி. பிள்ளைகளோடு பேசுகிறாள் என்று நினைத்தான். குரல் ஏறியது, இறங்கியது, மூக்கை உறிஞ்சியது. ஒற்றைக்காலில் தத்தித் தத்தி அவன் முன்பக்கம் வருவதற்குள் பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"உன் பொண்டாட்டி தங்கம், அண்ணாத்த" என்றாள். "சீக்கிரமே வந்துட்டா போல கீது இன்னிக்கு. எங்க ஆளு அந்த டிரான்ஸிஸ்டர வாங்குனதுலருந்து அத மடியில வெச்சிகினு கீறான். எங்கிட்ட ஒரு பேச்சு கெடயாது. இத நான் யார் கிட்ட சொல்லுவேன்? உன் வூட்டுக்காரி கிட்ட சொன்னேன். ஒரு வார்த்த குறுக்க பேசணுமே. அப்டியே கேட்டுகினு இருந்தா."

வெளியே மணலும் கடலும் கண்ணைக் கூசவைக்கிற வெயில். கூரை தாழ்ந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. மூலையில் சேலை கட்டிய ஓர் உருவம் இருப்பது தெரியும். அந்த மூக்கு தெரியும். பூவாயிக்கு அது போதுமாக இருந்தது. காத்தவராயன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். பூவாயி அவன் கையில் ஒரு தூக்கு நிறைய சங்கரா மீன் குழம்பைக் கொடுத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அத்த பொம்மை கிட்ட பேசுனாங்கன்னு சொல்லட்டா?" என்றாள் கண்ணகி.

"வேணாம். வெக்கப்படுவாங்க."

ஆனால் பூவாயி வெட்கப்படாமல் குப்பம் முழுவதும் சொன்னாள். வச்சலாவுக்குப் பொறுமை வந்துவிட்டதாம். சொல்வதைக் கேட்கிறாளாம். அந்தச் செய்தியை யாரும் முதலில் நம்பவில்லை; சோதித்துப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நம்பினார்கள். மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை, காணாமல் போன கோழி, நைலான் வலை வாங்கச் சொல்லி நச்சரிக்கும் மகன் எல்லாம் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தன. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. காத்தவராயனுக்கு நாஸ்தாவுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் நீ பேசுவது பேப்பரோடு என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு காலை, ஏலம் முடிந்த கரையில் ஒருத்தி வச்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நீ கேட்டுகினதுல எனக்கு பாரமே எறங்கிடுச்சுக்கா" என்றாள். வச்சலா நேற்று நாள் முழுவதும் செங்கல்பட்டில் இருந்தாள். அன்று மீன் விற்காமல் கூடையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

காத்தவராயன் எல்லாவற்றையும் சொன்னான். குழம்பு வந்ததையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா இந்தக் குப்பத்துல கீறேன். ஒருத்தி எங்கிட்ட வந்து ஒரு கஷ்டம் சொன்னதில்ல" என்றாள். "எனக்கு காது இல்லன்னு நெனைச்சிகினாளுங்களா?"

"அதுக்கும்தான் காது இல்ல" என்றான் சீனு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். சவுரி மறைத்ததால் காது வைக்க மறந்திருந்தார்கள்.

வச்சலா எழுந்து தலையைத் தூக்கி வலைக்குவியலுக்குப் பின்னால் வைத்தாள். கூடையை நகர்த்திவிட்டுத் தானே உரல்மேல் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வரட்டும். நானும் கேக்கறேன். இன்னா பெரிய விசயம் இது."

பூவாயி வந்தாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். டிரான்ஸிஸ்டர் இப்போது படுக்கைக்கே வந்துவிட்டதாகச் சொன்னாள். வச்சலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். புருஷன் அதற்கு உறை தைக்கச் சொன்னதாகப் பூவாயி சொன்னாள். வச்சலாவின் கால் விரல்கள் ஆட ஆரம்பித்ததைக் காத்தவராயன் பார்த்தான். பூவாயி தைத்தும் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"நீ எதுக்குடி தச்சுக் குடுத்த?" என்று வச்சலா வெடித்தாள். "கத்திரிக்கோல எடுத்து அந்த ரேடியோவோட வாயில குத்த வேணாம்? உன் மேல தப்பு வெச்சிகினு வூடு வூடாப் போயி ஒப்பாரி வெக்கறியா?"

பூவாயி பின்னால் சாய்ந்தாள். "நேத்து வரிக்கும் நல்லாத்தானே இருந்த? இன்னிக்கு இன்னா ஆச்சு உனக்கு?"

"நேத்து கேட்டது நான் இல்ல, பூவாயி. தோ, இது." வச்சலா வலைக்குப் பின்னாலிருந்து தலையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "பேப்பரு. வெந்தியம். நல்லாப் பாத்துக்க."

பூவாயி காகித முகத்தைப் பார்த்தாள். நிஜ முகத்தைப் பார்த்தாள். காகித மூக்கை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள், டொக்கென்றது.

"செரி" என்றாள். "அத அங்க வெச்சிட்டு நீ கொஞ்சம் எழுந்துக்கோ. நான் பாதியில நிறுத்திகினு கீறேன்."

வச்சலா எழுந்துகொண்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காத்தவராயன் தட்டில் போட்டு முன்னால் வைத்தான், தள்ளிவிட்டாள். அந்தத் தலையைக் கடலில் போட்டுவிடலாமா என்று கேட்டான். "பாப்பா தேடும்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்காக அவனுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் என்ன செய்தால் அந்த வருத்தம் தீரும் என்று தெரியவில்லை. மறுநாளும் பெண்கள் வந்தார்கள். காகிதம் என்று தெரிந்த பிறகு கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்படி ஒரு மத்தியானம் திருநாவுக்கரசு வந்தான்.

அவன் வச்சலாவின் தம்பி. செங்கல்பட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. பெயர்தான் திருநாவுக்கரசு, அவன் நாக்கு அசைவதே அபூர்வம். அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசிக் காத்தவராயன் கேட்டது கிடையாது. அவனுடைய கல்யாணத்தில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அந்த நேரத்தில் வச்சலா குழம்பில் உப்பில்லை என்று சமையல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நேரம் போகிறது என்று சித்தி மகளை இழுத்து முடிச்சுப் போடவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா தம்பிக்குப் பேச்சில்லை.

அவன் வாசலில் வந்து நின்றபோது காத்தவராயன் உள்ளே, தொங்கிக்கொண்டிருந்த வலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். அன்று ஆதிக்குப் பல் முளைக்கிற ஜுரம். காலையிலிருந்து அழுது, காகித அம்மாவையும் ஒதுக்கிவிட்டு, அப்போதுதான் அவன் மார்மேல் குப்புறப் படுத்துத் தூங்கியிருந்தாள். அவன் மூச்சையே அளந்து விட்டுக்கொண்டிருந்தான். கண்ணகியும் சீனுவும் சிப்பி பொறுக்கப் போயிருந்தார்கள்.

திருநாவுக்கரசு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பழம், வெற்றிலை, பூ வைத்த பையைக் கையில் பிடித்திருந்தான். இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவன் மூலைக்குப் போய், பையை இறக்கி வைத்துக் கைகட்டி நின்றான்.

"யக்கா" என்றான்.

காத்தவராயன் வாயைத் திறந்தான். ஆதி முனகினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"உன் கோவம் எனக்குத் தெரியும். பேச மாட்டேன்னும் தெரியும். பஸ்ஸுல வரும்போதே நெனச்சிகினுதான் வந்தேன். நீ பேச வேணாம். நான் பேசிடறேன்." அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அன்னிக்கு மோளம் அடிச்சிட்டான். பெருசுங்கல்லாம் நேரம் போவுதுன்னு கத்துனாங்க. நான் தலய குனிஞ்சிகினு இருந்தேன். யாரு முடிச்சு போட்டான்னு பாக்கலன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். அது பொய்யி. நான் பாத்தேன். உன் கை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எனக்கு சோறு ஊட்டுன கை. அது இல்லன்னு தெரிஞ்சுது. நிறுத்துங்கன்னு சொல்லணும்னு தோணுச்சு. வாய் வரல. எனக்கு எப்பவும்தான் வர்றதில்ல."

அப்போது வாசலை ஒரு நிழல் மறைத்தது. திருக்கழுக்குன்றத்தில் மீன் உச்சிப் பொழுதுக்கு முன்பே விற்றுப்போய், காலிக் கூடையோடு வச்சலா வந்து நின்றாள். வலைக் கண்களின் வழியாகக் காத்தவராயன் அவளைப் பார்த்தான். மார்மேல் கிடந்த குழந்தையைக் கண்ணால் காட்டினான். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை வேறு எப்படிச் சொல்வது? அவள் கூடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"இப்ப அவளுக்கு ஏழு மாசம்" என்று திருநாவுக்கரசு மூலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "வளைகாப்பு வெச்சிகீறோம். நீ வரலன்னா நான் அங்க நிக்க மாட்டேன். யக்கா, இப்டிப் பேசாம மொறைக்காத. எனக்குத் தாங்கல. திட்டவாச்சும் திட்டு." அவன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். நெற்றி உரலில் முட்டியது.

வச்சலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை நேரம் அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்பது காத்தவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திட்டறேன். எழுந்திரு" என்றாள்.

திருநாவுக்கரசு தலையைத் தூக்கினான். காகித முகத்தைப் பார்த்தான். உதடு அசையாமல் குரல் வந்ததில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும். அப்படியே முழங்காலால் பின்னால் நகர்ந்தான். நகர்ந்தவன் வச்சலாவின் காலில் இடித்துத் திரும்பினான். அவளைப் பார்த்தான். மறுபடி மூலையைப் பார்த்தான்.

"யக்கா" என்றான். "நீ இங்க கீற. அப்ப அது யாரு?"

"அதுவும் நான்தான். உன் மாமா செஞ்சாரு."

அவன் தவழ்ந்து போய் அந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தான். "மூக்கு சரியா கீது" என்றான்.

அதற்குப் பிறகு வச்சலா ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துத் திட்டு. சமையல்காரனில் தொடங்கி, சித்தி மகள், மேளக்காரன், பெண் வீட்டார் கொடுத்த ஜமக்காளம் என்று ஒன்றையும் விடவில்லை. முதல் சத்தத்திலேயே ஆதி விழித்துக்கொண்டாள். காத்தவராயன் பயந்தபடி அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, பாட்டு கேட்பதுபோலக் கேட்டாள். திருநாவுக்கரசு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோறு சாப்பிட்டுக்கொண்டே திட்டு வாங்கினான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நடுவில் ஒருமுறை, "அவ்ளோதானா?" என்றான்.

"இன்னும் கீது. இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றாள் வச்சலா.

கடைசி பஸ்ஸுக்கு அவன் போனபோது, வளைகாப்புக்கு எல்லாரும் வருவதாக முடிவாகியிருந்தது. போகிற போக்கில் மூலைக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

மறுநாள் பூவாயி வந்து, தலையை ஒரு நாளைக்குத் தன் வீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். நடந்து வர முடியவில்லையாம். வச்சலா எடுத்துக் கொடுத்தாள். "மூக்க மட்டும் புடிச்சித் தூக்காத" என்றாள்.

அது திரும்பி வரவில்லை. ஜுரத்தில் காத்தவராயன் மார்மேல் தூங்கிப் பழகிவிட்ட ஆதி அதைத் தேடவும் இல்லை. பூவாயி வீட்டில் அவள் புருஷனே ஒருநாள், டிரான்ஸிஸ்டரில் பாட்டரி தீர்ந்த நேரம் பார்த்து, அதனிடம் பூவாயியைப் பற்றி முறையிட்டதாகக் கேள்வி. அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த வீட்டுக்கும் போயிற்று. வச்சலா கூடையோடு குப்பத்துச் சந்துகளில் நடக்கும்போது ஏதாவது ஒரு குடிசைக்குள்ளிருந்து, "உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா வச்சலா" என்று தன் பெயர் கேட்கும். முதலில் நின்று நின்று கேட்டாள். பிறகு நிற்காமல் போகப் பழகிக்கொண்டாள். அவள் போய்ச் சேர முடியாத வீடுகளுக்கெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாகக் காத்தவராயனுக்குப் பட்டது.

வளைகாப்புக்குச் சில நாள் இருக்கும்போது கடல் கொந்தளித்தது. கட்டுமரங்கள் இறங்கவில்லை, மீனும் இல்லை. வச்சலா வீட்டில் இருந்தாள். கூடை தூக்கியதிலிருந்து பிள்ளைகள் பகலில் என்னதான் செய்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாமலேதான் இருந்தது.

"மாமா வூட்டுப் பாப்பாவுக்கு கிலுகிலுப்ப செய்யலாம்மா" என்றாள் கண்ணகி.

"அந்தப் பாப்பா இன்னும் பொறக்கவே இல்லடி."

"காயறதுக்குள்ள பொறந்துடும்" என்றான் சீனு.

வச்சலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊறிய காகிதத்தைப் பிசைந்தவள், இது மீன் முட்டை மாதிரி கீது என்றாள், இன்னும் பிசைந்தாள். பெரிய நெல்லிக்காய் அளவில் களிமண் உருட்டி அதன்மேல் கூழைப் பூச வேண்டும், பிறகு வெட்டி மண்ணை எடுத்துவிட்டுக் கூழாங்கல்லைப் போட்டு ஒட்ட வேண்டும் என்று காத்தவராயன் விளக்கினான். ஆனால் வச்சலாவுக்கு நெல்லிக்காய் சிறியதாகப் பட்டது. மாங்காய் அளவுக்கு உருட்டினாள். அதன்மேல் கண்ணகி பூசினாள். மெல்லிசாக இருக்கிறது என்று சீனு பூசினான். அவன் பூசியது கோணல் என்று வச்சலா சுற்றிலும் பூசிச் சரிசெய்தாள். ஆதியும் தன் பங்குக்கு ஒரு கை அப்பினாள். அதை மறைக்க இன்னொரு சுற்றுப் பூச வேண்டியிருந்தது. முழங்கை வரை கூழோடு வச்சலா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். காத்தவராயனுக்கு அன்று வேலையே இல்லை.

காய்ந்து வந்தபோது அது பரங்கிக்காய் அளவில் இருந்தது. கைப்பிடிக்குப் படகுத் துடுப்பின் உடைந்த துண்டு ஒன்றைச் செருகினார்கள். ஒரு ஆள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தது.

செங்கல்பட்டு பஸ்ஸில் அது ஒரு தனி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டுப் பிரித்த காலை மெல்ல ஊன்றி ஏறிய காத்தவராயனுக்குத்தான் இடமில்லை. கண்டக்டர், "இது இன்னாம்மா?" என்று கேட்டான். வச்சலா தூக்கி ஆட்டிக் காட்டினாள். முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து, பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கிப் போய் நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

வளைகாப்பில் வச்சலா தம்பி மனைவிக்கு முதல் வளையலைப் போட்டாள். பிறகு பிள்ளைகள் மூவரும் சேர்ந்து கிலுகிலுப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்து, முடியாமல், மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இத தூக்கி ஆட்டற அளவுக்கு என் கொழந்த வளர்றதுக்குள்ள அதுக்கு மீசை வந்துடும், அண்ணி" என்றாள்.

"வரட்டும். கெட்டா பூடும்? பேப்பருதானே" என்றாள் வச்சலா.

திருநாவுக்கரசு குனிந்து அதை எடுத்து, கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுத்த அந்த ஜமக்காளத்தின் நடுவில் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல், பந்தி போடும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.